நாடி தடுமாறினால் நாளை என்று இராதீர்!

பொழுது இன்னும் புலரவில்லை. பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, தமக்குரிய நிரையை நோக்கி நடக்கின்றார் ஓர் அம்மையார். வயது 58. முப்பது ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டிப் பழகிய கை அவருடையது. ஆனால், சில மாதங்களாக மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகின்றது. இரண்டொரு முறை நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு சிறகடிப்பது போல் இருந்தது. பக்கத்து வீட்டாரிடம் சொன்னார். "வாயுவாக இருக்கும் அக்கா, இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள்" என்றார் அவர். படபடப்பு தானே அடங்கியது, அம்மையாரும் மறந்துவிட்டார்.

மற்றொரு நாள் காலை, பாதி நிரை முடிந்த வேளையில், கையிலிருந்த கத்தி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முயன்றார், வலக்கை எழவில்லை. அடுத்த நிரையில் இருந்தவரைக் கூப்பிட வாயெடுத்தார், சொல் குழறியது.

இது தனியொருவரின் வரலாறன்று. இத்தகைய நிலை எந்தத் தோட்டத்திலும், எவருக்கும் நேரலாம் என்பதற்காகச் சொன்ன உதாரணம். கை கால் விழுந்தால் அது பக்கவாதம் என்பதை நம்மில் எல்லாரும் அறிவோம். ஆனால், மூளையைத் தாக்கும் பக்கவாதத்திற்குச் சில வேளைகளில் இதயமே பிறப்பிடம் என்பதையும், அது வருமுன்னரே மணிக்கட்டில் ஓடும் நாடி நமக்கு எச்சரிக்கை கொடுக்கின்றது என்பதையும் பலர் அறியார். அந்த எச்சரிக்கையை எவ்வாறு உணர்வது, உணர்ந்தபின் என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்கும்.

இதயம் இயங்கும் முறை

நமது இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் திரும்பிவரும் இரத்தத்தைப் பெற்றுக் கீழறைகளுக்கு அனுப்புகின்றன. கீழறைகள் அதனை நுரையீரலுக்கும் உடல் முழுவதற்கும் விசையுடன் செலுத்துகின்றன. இவ்வேலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை நடைபெறுகின்றது.

இவ்வறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதற்கு ஒரு கட்டளை வேண்டும். வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு தசைக்கணுவே அக்கட்டளையைப் பிறப்பிக்கின்றது. 1907-ஆம் ஆண்டில் கீத், ஃபிளாக் என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதனைக் கண்டறிந்தனர். அங்கிருந்து எழும் நுண்ணிய மின்னலை மேலறைகளில் பரவி அவற்றைச் சுருங்கச் செய்கின்றது. பின்னர் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே காவல் வாயில் போல் அமைந்துள்ள மற்றொரு கணுவில் கணநேரம் தயங்கிக் கீழறைகளை அடைகின்றது. இவ்வாறு ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை இதயம் துடிக்கின்றது.

இதனைப் பெரட்டுக்கு ஒப்பிடலாம். ஒருவர் பெயரைக் கூப்பிட்டு வேலையைப் பகிர்ந்து கொடுத்தால், ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குச் செல்வர். அங்கு நிற்கும் நூறு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கட்டளையிட்டுக் கூச்சலிட்டால் எவர்தாம் எங்கே செல்வது?

மேலறை நடுக்கம் என்பது என்ன?

சிலருக்கு அத்தகைய கூச்சலே இதயத்தின் மேலறைகளில் எழுகின்றது. ஓர் இடத்திலிருந்து வரவேண்டிய மின்கட்டளை பல இடங்களிலிருந்தும் தாறுமாறாகக் கிளம்புகின்றது. நிமிடத்திற்கு 350-க்கு மேற்பட்ட, சில வேளைகளில் 600 வரையிலான அலைகள் எழுந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. மேலறைகள் முறையாகச் சுருங்குவதில்லை. நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கின்றன. இதனையே மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அழைக்கின்றனர். நாம் மேலறை நடுக்கம் என்று கூறலாம்.

நல்ல வேளையாக, நடுவிலுள்ள காவல் வாயில் இவ்வலைகள் அனைத்தையும் கீழே விடுவதில்லை. சிலவற்றை மட்டுமே விடுகின்றது. ஆனால், எப்போது விடும், எப்போது விடாது என்பதில் ஒழுங்கில்லை. ஆகவே கீழறைகள் ஒருமுறை விரைந்தும், ஒருமுறை தாமதித்தும், பெரும்பாலும் நிமிடத்திற்கு 100-க்கு மேற்பட்ட வேகத்திலும் துடிக்கின்றன. இதன் விளைவே மணிக்கட்டில் தடுமாறும் நாடி.

மேலறைகளில் எழும் மற்றச் சில தாளக்கோளாறுகளும் உண்டு. மேலறைகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 முறை ஒரே சீராக அடித்துக்கொள்வது ஒன்று. அப்போது பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்றாகக் கீழறைகள் 150 முறை துடிக்கும். இளைஞர்களுக்குக் கூடத் திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் மிகு வேகத் துடிப்பு மற்றொன்று. இவை இரண்டிலும் நாடி ஒழுங்காகவே இருக்கலாம். ஆனால் வேகம் மிகுந்திருக்கும். இவற்றையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். எப்போதோ ஒருமுறை ஒரு துடிப்பு தவறினாற்போல் தோன்றுவது பலருக்கும் உள்ளதே. அது பெரும்பாலும் தீங்கற்றது.

மங்கில் தேங்கிய பால்

"நெஞ்சு சிறிது படபடக்கின்றது, அவ்வளவுதானே? வலி இல்லையே!" என்று சிலர் எண்ணக்கூடும். இந்நோயின் பெரிய ஆபத்து எங்கே இருக்கின்றது என்பதைப் பால்மரத் தொழிலாளர்களாகிய உங்களுக்கு எளிதில் விளக்கலாம்.

வெட்டுக்கோட்டில் வழிந்து வரும் பால் நீர்மமாகவே இருக்கின்றது. அதே பால் மங்கில் நெடுநேரம் தேங்கினால் உறைந்து கட்டிப்பாலாகின்றது. இரத்தத்தின் இயல்பும் ஏறக்குறைய இதுவே. ஓடிக்கொண்டிருக்கும் வரை அது உறையாது. மேலறைகள் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் இரத்தம் அங்கே தேங்குகின்றது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி உள்ளது. பெரும்பாலும் அந்தப் பையில்தான் இரத்தம் உறைந்து கட்டியாகின்றது.

அக்கட்டி ஒருநாள் பெயர்ந்து இரத்த ஓட்டத்தில் கலந்தால் நேரே மூளைக்குச் செல்லக்கூடும். அங்கே ஒரு குழாயை அடைத்துவிட்டால் அதற்கப்பாலுள்ள மூளைப்பகுதிக்கு இரத்தம் கிடைப்பதில்லை. அதுவே பக்கவாதம். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி என்பது நெடுங்கால ஆய்வுகளால் அறியப்பட்ட உண்மை. இவ்வாறு வரும் பக்கவாதம் மற்ற வகைகளைவிடக் கடுமையாகவும் இருப்பதுண்டு. இன்னொரு தீங்கும் உளது: பல வாரங்கள் மிகு வேகத்தில் துடித்தால் இதயத் தசை களைத்துப் பலவீனமடையும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

நாடியை நீங்களே பார்க்கலாம்

மேலறை நடுக்கம் சிலருக்குப் படபடப்பு, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், காரணமற்ற களைப்பு ஆகிய அறிகுறிகளைத் தருகின்றது. வேறு சிலருக்கு எவ்வித அறிகுறியும் இல்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கும் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஆகவே, நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும், குறிப்பாக 65 வயதைக் கடந்தவர்களும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், தம் நாடியைத் தாமே பார்க்கக் கற்றுக்கொள்வது நலம். செலவில்லை, வினாடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும்.

முதலாவதாக, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். வேலையிலிருந்து திரும்பிய உடனோ, காப்பி குடித்த உடனோ பார்க்க வேண்டா.

இரண்டாவதாக, இடக்கையை உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு மேசை மீது வையுங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல அழுத்துங்கள். பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் குழப்பம் ஏற்படும்.

மூன்றாவதாக, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைக் காட்டிலும் ஒழுங்கை நன்கு கவனியுங்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கின்றதா? மங்கில் சொட்டுச் சொட்டாக ஒரே கதியில் விழும் பாலைப் போல் இருந்தால் நன்று. இரண்டு துடிப்பு நெருங்கி, அடுத்தது தாமதித்து, ஒன்று வலுவாகவும் ஒன்று மெலிவாகவும், எந்தக் கணக்குக்கும் உட்படாமல் ஒரு நிமிடம் முழுவதும் தடுமாறினால் அது மேலறை நடுக்கமாக இருக்கலாம். ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்திற்கு 100-க்கு மேல் இருந்தாலும், மிகக் குறைந்து தலைச்சுற்றலும் இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாடி பார்ப்பது ஐயத்தை எழுப்பும். நோயை உறுதி செய்வது இ.சி.ஜி. எனப்படும் இதய மின்பதிவே ஆகும். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த ஐந்தோவன் என்னும் அறிஞர் உருவாக்கிய இக்கருவிக்காக அவருக்கு 1924-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இப்பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலி சிறிதும் இல்லை. நடுக்கம் வந்து வந்து போகும் இயல்புடையதாயின், ஒரு நாளோ பல நாள்களோ உடலில் அணிந்திருக்கக் கூடிய சிறு பதிவுக் கருவியை மருத்துவர் பொருத்துவார். ஆகவே, "மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்றும் இல்லை" என்பதால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடாமல், படபடப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.

யாருக்கு வருகின்றது?

வயது ஏற ஏற இந்நோய் மிகுகின்றது. கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பு இதற்கு மிக முக்கியக் காரணம். இனிப்புநீர், உடற்பருமன், இதயக் குழாய் அடைப்பு, உறக்கத்தில் மூச்சு தடைபடும் குறட்டை நோய் ஆகியனவும் துணைபுரிகின்றன. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் நாடி தடுமாறும். உடல் மெலிதல், கை நடுங்குதல், வியர்வை மிகுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் அதனை அறியலாம்.

நம் சமூகத்தில் மறந்துவிடக் கூடாத மற்றொரு காரணம், சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல். குழந்தைக்கு வந்த தொண்டை வலியைச் சரிவரக் கவனியாவிட்டால் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் வரும். காய்ச்சல் நீங்கிவிடும், ஆனால் இதய வால்வில் அது விட்டுச்சென்ற வடு, ஆண்டுகள் பல கடந்தபின் வால்வைச் சுருக்கி மேலறையை விரியச் செய்யும். நெருக்கமாக வாழும் குடும்பங்களில் இத்தொண்டைத் தொற்று எளிதில் பரவும். ஆகவே, காய்ச்சலுடன் கூடிய தொண்டை வலி உள்ள குழந்தையை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருத்துவர் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொன்னால், அவர் நிறுத்தச் சொல்லும் வரை தவறாமல் போடுங்கள்.

மதுவைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விடுமுறையிலும் விழாக்காலத்திலும் அளவின்றிக் குடித்துவிட்டு நாடி தடுமாறி வருவோரைக் கண்டு, அமெரிக்க மருத்துவர்கள் 1978-ஆம் ஆண்டில் இதற்கு விடுமுறை இதயம் என்றே பெயரிட்டனர். கள்ளாயினும், பீராயினும், சம்சுவாயினும் இதயத்திற்கு வேறுபாடு தெரியாது. குடிப்பழக்கமும் மேலறை நடுக்கமும் உள்ளவர்களில், குடியை விட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது என்பதை ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

சிகிச்சையின் மூன்று நோக்கங்கள்

மேலறை நடுக்கத்திற்கான சிகிச்சைக்கு மூன்று நோக்கங்கள் உள்ளன: இரத்தம் உறையாமல் காத்தல், துடிப்பின் வேகத்தைக் குறைத்தல், இயலுமாயின் பழைய தாளத்தை மீட்டல். இவற்றுடன் இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், தைராய்டு முதலிய மூல காரணங்களையும் கவனித்தல் வேண்டும்.

இரத்தம் உறையாமல் காத்தலே முதன்மையானது. நீங்கள் மீண்டும் பாலை எண்ணிப் பாருங்கள். பால் உறைந்துவிடாமல் இருக்கச் சில துளி அம்மோனியா விடுவதில்லையா? அதைப்போல இரத்தம் எளிதில் உறையாதிருக்க உதவும் மாத்திரைகள் உள்ளன. எல்லா நோயாளிகளுக்கும் இவை வேண்டும் என்பதில்லை. வயது, இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இதயப் பலவீனம், குழாய் நோய், முன்னர் வந்த பக்கவாதம் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு மருத்துவர் முடிவு செய்வார். வேண்டியவர்கள் ஒழுங்காக உட்கொண்டால் பக்கவாதங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்க்கலாம். ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது.

இவற்றுள் நெடுநாள் வழக்கிலுள்ளது வார்ஃபரின். இது வேலை செய்யும் அளவை இரத்தப் பரிசோதனையால் அளந்து, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்குமாறு மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பர். தொடக்கத்தில் அடிக்கடியும், நிலைபெற்றபின் சில வாரங்களுக்கு ஒருமுறையும் பரிசோதனை தேவை. டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் என்னும் புதிய மருந்துகளுக்கு இவ்வாறு அடிக்கடி அளக்க வேண்டியதில்லை. ஆனால், இவை ஒரு வேளை தவறினாலும் காப்பு விரைவில் குறைந்துவிடும். ருமாட்டிக் நோயால் வால்வு சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் வார்ஃபரினே ஏற்றது. ருமாட்டிக் இதய நோயாளிகளிடையே பல நாடுகளில் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது.

வேகத்தைக் குறைக்க பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் முதலிய மாத்திரைகள் உதவுகின்றன. டிகோக்சின் என்பது இன்னொன்று. அதன் மூலம் ஒரு பூச்செடியின் இலை. வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் 1785-ஆம் ஆண்டிலேயே அவ்வினச் செடியைப் பற்றி நூல் எழுதினார். இதன் அளவு சிறிது மிகுந்தாலும் குமட்டல், பார்வை மங்கல் போன்ற தீங்குகள் வரும். ஆதலால் மருத்துவர் சொன்ன அளவை மீறலாகாது.

தாளத்தை மீட்க மருந்துகளும், மயக்கம் கொடுத்து நெஞ்சில் அளவான மின்விசையைச் செலுத்தும் முறையும் உண்டு. உள்ளே கட்டி இருப்பின் அது பெயர்ந்துவிடலாகாது என்பதற்காக, வழக்கமாக மூன்று வாரம் முன்னும் நான்கு வாரமேனும் பின்னும் உறைதல் தடுப்பு மருந்து கொடுக்கப்படும். மற்றொரு முறையில், தொடைக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்திற்குள் செலுத்தி, கோளாறான மின்னலை பிறக்கும் இடங்களைச் சுட்டு அல்லது உறையச் செய்து அடக்குவர். அவ்வலைகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வரும் குழாய்களின் வாயிலிலேயே பிறக்கின்றன என்பதை 1998-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். நோய் தெரிந்த ஓராண்டுக்குள் தாளத்தை மீட்கும் சிகிச்சையைத் தொடங்கினால் பயன் மிகுதி என்பது 2020-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றின் முடிவு. நாள் கடத்தலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில ஐயங்களும் விளக்கங்களும்

"வார்ஃபரின் எலி மருந்தாமே! அதையா மனிதருக்குக் கொடுப்பது?" இப்படி ஒருவர் சொல்ல, அதைக் கேட்டு மற்றவர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் வடிந்து இறந்ததை ஆராய்ந்ததன் பயனாகவே, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இம்மருந்து பிறந்தது. 1948-இல் எலிகளைக் கொல்லவே முதலில் விற்கப்பட்டது. 1954-இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மாரடைப்புக்கு ஆளான அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் இதுவே கொடுக்கப்பட்டது. எலிக்கு நஞ்சாவதும் நமக்கு மருந்தாவதும் அளவினால்தான். அந்த அளவு தவறாமல் இருக்கவே இரத்தப் பரிசோதனை. ஆகவே பரிசோதனை நாளைத் தவற விடாதீர்கள்.

"மாத்திரை சாப்பிடுகின்றேன்; கத்தியால் கை வெட்டுப்பட்டால் என்ன ஆகும்?" இரத்தம் நிற்கச் சிறிது கூடுதல் நேரமாகும். சுத்தமான துணியால், இடையில் எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பிடியுங்கள். கையை உயர்த்தி வையுங்கள். காப்பித்தூளோ பிறவோ அப்ப வேண்டா. நிற்காவிட்டால் மருந்தகத்திற்குச் செல்லுங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். கறுத்த மலம், சிறுநீரில் இரத்தம், ஈறுகளில் ஓயாத கசிவு ஆகியவற்றைக் கண்டாலும் உடனே காட்டுங்கள். ஒரு சிறு வெட்டுக்கு அஞ்சித் தாமே மாத்திரையை நிறுத்துவது, பக்கவாதத்திற்குக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

"வேறு மருந்துகள் சாப்பிடலாமா?" கேளாமல் சாப்பிடக் கூடாது. உடல்வலிக்காகக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும். சில கிருமிக்கொல்லி மருந்துகளும், ஜாமு முதலிய பாரம்பரிய மருந்துகளும் வார்ஃபரினின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். காய்ச்சல் வந்தால், அது டிங்கியாக இருக்கலாம் ஆதலின், நீங்கள் உறைதல் தடுப்பு மருந்து உட்கொள்வதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பல் பிடுங்கச் சென்றாலும் அவ்வாறே.

"கீரையை விட்டுவிட வேண்டுமா?" வேண்டுவதில்லை. கீரையிலுள்ள ஒரு சத்து வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்வது உண்மையே. ஆயினும், வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்டு வந்தால் அதற்கேற்ப மருந்தின் அளவு அமைந்துவிடும். ஒரு வாரம் நாள்தோறும் உண்பதும், மறுவாரம் அறவே விடுவதுமே தீங்கு.

"பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்கள் உட்கொள்ளலாமா?" வார்ஃபரின் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். கருவுற்றிருந்தாலும், கருவுற எண்ணினாலும் முன்னரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமே நிறுத்தவும் கூடாது.

"மீண்டும் மரம் வெட்டப் போகலாமா?" வேகம் அடங்கி, தலைச்சுற்றலும் மயக்கமும் இல்லாவிட்டால் பலர் தம் வேலைக்குத் திரும்பலாம். மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். என்ன மாத்திரை உட்கொள்கின்றீர்கள் என்று எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அடுத்த நிரையில் வெட்டுபவரிடமும் சொல்லி வையுங்கள்.

நொடியும் தாமதிக்கலாகாத வேளை

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை அல்லது கால் ஒரு பக்கம் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் பக்கவாதமே என்று கொள்ளுங்கள். உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தகுதியுள்ளவர்களுக்குப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். மருத்துவமனை சேர்ந்து, மூளையைப் படமெடுத்துப் பார்ப்பதற்கும் அதற்குள்ளேயே நேரம் வேண்டும். ஆகவே 999 என்னும் எண்ணை அழையுங்கள். அல்லது கிடைக்கும் வண்டியில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். விரலில் ஊசியால் குத்துவதும், எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதும் நேரத்தை விழுங்குமேயன்றிப் பயன் தாரா.

படபடப்புடன் மயக்கம், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்து வந்தாலும் இவ்வாறே விரைய வேண்டும்.

வசதிகளைப் பயன்படுத்துவோம்

அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் நாடி, இரத்த அழுத்தம், இனிப்புநீர் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளலாம். குறைந்த வருமானம் பெறும் 40 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு, 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெக்கா பி40 திட்டத்தின் வழி இலவச உடற்பரிசோதனை உண்டு. மேற்சிகிச்சை தேவைப்படுவோரை மருத்துவர் பெரிய மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளுக்கோ, கோலாலம்பூரில் 1992-இல் நிறுவப்பட்ட தேசிய இருதயக் கழகத்திற்கோ அனுப்பி வைப்பார். வார்ஃபரின் உட்கொள்வோருக்கென அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் மருந்தாளுநர் நடத்தும் தனிப் பிரிவும் உண்டு. அளவு, உணவு, பிற மருந்துகள் பற்றிய ஐயங்களை அங்கே தயங்காமல் கேட்கலாம்.

பரிசோதனைக்காக ஒரு நாள் வேலை போய்விடுமே என்று பலர் தயங்குகின்றனர். ஒரு நாள் கூலி பெரிதுதான். ஆனால், வலக்கை விழுந்துவிட்டால் போவது ஒரு நாள் கூலி மட்டுமன்று; கத்தி பிடிக்கும் தொழிலே போய்விடும். வீட்டில் ஒருவர் வேலையை விட்டு உடனிருந்து பார்க்கவும் நேரும்.

மரத்தின் பட்டையை விரலால் தொட்டே அதன் நலத்தை அறியும் திறமை உங்களுக்கு உண்டு. அதே விரல்களை இன்று மாலை உங்கள் மணிக்கட்டில் ஒரு நிமிடம் வையுங்கள். பின்னர் உங்கள் தாயாரின் மணிக்கட்டிலும், தந்தையாரின் மணிக்கட்டிலும் வைத்துப் பாருங்கள். நாடி ஒழுங்காக ஓடினால் மகிழ்ச்சி. தடுமாறினால் அஞ்ச வேண்டா; அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால், நாளை என்று ஒதுக்காமல் மருந்தகத்திற்குச் செல்லுங்கள்.